இரண்டு சின்ன பேட்டரி

மே 20, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து கொட்டு மழை. தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கியது. அங்கே இருக்கும் செல்வியின் கோழிக்கூடு போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. என் கடையில் இருக்கும் மழைப் பெட்டி கூவவில்லை.

கூவியிருக்க வேண்டும். கூரையில் மழை பிடிக்கும் குழாய், உள்ளே பெட்டி. மழை அளவு கடந்தால் கத்தும், நான் மேல் லயத்துக்குப் போனில் கோல் எடுக்க வேண்டும். மண்சரிவு ஆபீஸ்காரர்கள் போன வருடம் என்னை நம்பி வைத்தது. பதினெட்டு வீட்டு ஆட்கள் அதை நம்பித் தூங்குகிறார்கள்.

ஏன் கூவவில்லை என்று எனக்குத் தெரியும். போன வியாழன் ஏழு இருபத்தெட்டுக்கு டிவி ரிமோட் செத்துவிட்டது. ஏழரைக்கு நாடகம். அதில் மாமியார் அலமாரியைத் திறக்கிற நாள். எதிரே நாற்பது ஜோடி பேட்டரி தொங்குகிறது. விற்கிற சாமானில் நான் கை வைப்பதில்லை. பிஸ்கட் பையோடு லயம் லயமாக ஏறி விற்ற காலத்துச் சட்டம், அதில்தான் இந்தக் கடையே எழும்பியது. மழைப் பெட்டியைத் திறந்து அதிலிருந்த பேட்டரி இரண்டையும் கழற்றி ரிமோட்டில் போட்டேன். அந்த வாரம் நல்ல வெயில். நாளைக்குப் போடலாம் என்று இருந்தேன்.

ஐந்து நாள்.

இன்று புதிது போட்டாயிற்று. மத்தியானம் சாப்பிடவில்லை.

மே 21, புதன்
தூறல். பருப்பு, மண்ணெண்ணெய் வரவில்லை. லொறி பலாங்கொடையிலேயே நிற்கிறதாம்.

செல்வி சீனி வாங்க வந்தாள். கடையில் நாலைந்து பேர்.
“என்னங்கக்கா, ஒங்க பொட்டிக்கு வாய் அடைச்சுப்போச்சா?”
“மழ அந்தளவு பெய்யலயோ என்னமோ.” வாய் கூசாமல் சொன்னேன்.
“நாடகத்துல அந்த மாமியாக்காரி மாதிரி யாரும் வயர புடுங்கிட்டாங்களோ!”
எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டுச் சொன்னேன்.
“அந்த வெளங்காத நாடகத்த இன்னுமா பாக்குறீங்க? மருமக நாப்பது நாளா மயக்கத்துல கெடக்குறா, வச்ச பொட்டு அழியல.”
“பாக்காதவங்களுக்கு பொட்டு எப்பிடிக்கா தெரியும்?”
“கடைக்கு வாரவளுக எல்லாம் அதத்தானே பேசுறீங்க. காத பொத்திக்கவா?”

ஏழரைக்குக் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். மாமியார் பழியை வேலைக்காரி மேல் போட்டாள். அணைத்தேன். இரண்டு நிமிடத்தில் திரும்பப் போட்டேன். எனக்கு வெட்கமில்லை.

மே 22, வியாழன்
சிவப்பு எச்சரிக்கை. மழை ஒரு நிமிடம் விடவில்லை. வாசலில் ஓடும் வடிகானில் காலையில் தெளிந்த தண்ணீர், மூன்று மணிக்குச் சேறு.

ஏழு இருபத்தைந்துக்குப் பெட்டி கூவியது. செல்விக்குக் கோல்.
“எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்கு.”
“போங்கக்கா. அன்னிக்கு கத்தல, மண்ணு வந்துச்சு. இன்னிக்கு கத்துது, ஒண்ணும் வராது. அது பழுது. புள்ளைகளோட இந்த மழையில எங்க எறங்குறது? நாடகம் வேற தொடங்கப்போவுது.”
வைத்துவிட்டாள்.

திரும்ப எடுத்தேன்.
“பொட்டி பழுதில்ல செல்வி. நாந்தான் பேட்டரிய கழட்டுனேன். ரிமோட்டுக்கு. நாடகம் பாக்க.”
பின்னால் அவள் வீட்டு டிவியில் நாடகப் பாட்டு.
“நீங்களா?”
“நான்தான். வந்து என்னைய ஏசு. இப்ப எறங்கு.”

டோர்ச் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. வாசலில் நின்று எண்ணினேன். பதினேழு வீடு. பதினெட்டாவது வீட்டுக் கிழவரைச் செல்வியின் புருஷன் முதுகில் தூக்கி வந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

மே 23, வெள்ளி
மழை விடவில்லை. மலை அப்படியே நிற்கிறது. மேல் லயத்துச் சுவரில் கை போகிற அளவு வெடிப்பு, காலையில் பார்த்து வந்தார்கள். எல்லாரும் என் கடைக்குள்தான், யாரும் என்னோடு பேசவில்லை. பால் இல்லாத பிளேன்டீ கொடுத்தால் வாங்குகிறார்கள், முகம் பார்ப்பதில்லை.

பத்து மணிக்குச் செல்வி வந்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை.
“மண்ணு எறங்குன அன்னிக்கு எங்க புள்ளைக மேல தூங்கிக்கிட்டு இருந்திச்சு, தெரியுமா?”
தெரியும் என்றேன்.
“அப்ப நாங்க சொல்றத கேளுங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசவில்லை. முடிவானது: பெட்டி இனி அவள் பொறுப்பில். கடைக்குப் பின்னால் உள்ள ஸ்டோர், மழைக்காலம் முடியும்வரை பதினெட்டு வீட்டு ஆட்களும் தங்க. வாடகை இல்லை. அரிசியும் விறகும் என்னுடையது. சாவி செல்வியிடம்.