மறந்ததாகச் சொன்ன கடிதம்

மார்ச் 3

ராணுவக் கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நம் ராணுவத்துக்குக் கடல் கடந்து ஒரு பெரிய அண்ணன் கிடைத்திருக்கிறார். இன்று எங்கள் அமைச்சகத்து லிஃப்ட் ஓட்டுபவர்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பொத்தானை அழுத்தினார்.

மார்ச் 9

அடுத்த மாதம் எல்லை ஆற்றங்கரையில் அண்ணனோடு கூட்டுப் பயிற்சி. வழக்கம்போல் பக்கத்து நாட்டுக்கு முன்னறிவிப்புக் கடிதம் தட்டச்சு செய்து இயக்குநரிடம் வைத்தேன். எந்தத் தேதி, எத்தனை பேர், எத்தனை பீரங்கி — பதினோரு வருஷமாக என் வேலை இது.

"இனிமே எதுக்கும்மா? நமக்குத்தான் ஆள் இருக்கே!" என்று மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். சரியான மாப்பிள்ளை முறுக்கு.

ஏப்ரல் 6

பயிற்சி தொடங்கியது.

ஏப்ரல் 8

அக்கரையில் டாங்கிகள் வந்து நிற்கின்றன. அதைப் பார்த்து அண்ணன் ஆறு விமானம் அனுப்பினார். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் டாங்கி. இயக்குநரின் குறிப்பில் இதற்குப் பெயர் 'வலுப்பெறும் பிராந்திய நிலைத்தன்மை'. நான்தான் பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன்.

இக்கரைக் காவல் சாவடியில்தான் என் தம்பி சிப்பாயாக இருக்கிறான். விடுப்பு ரத்து. "அவங்க டீ குடிக்கிறதுகூட இங்கேருந்து தெரியுதுக்கா," என்று போனில் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரலை. பயமா இருக்கு. எவனாவது ஒருத்தன் பதட்டத்துல சுட்டுட்டா?

ஏப்ரல் 9

பக்கத்து நாட்டில் என் கடிதங்களைப் பதிவு செய்பவர் கூப்பிட்டார். முகம் பார்த்ததில்லை, பதினோரு வருஷக் குரல்.

"ஏம்மா, இந்தத் தடவை லெட்டரே வரலையே? எங்காளுங்க படையெடுப்புன்னே முடிவு பண்ணிட்டாங்க. வேணும்னே அனுப்பலையா?"

உண்மையைச் சொன்னால்? தம்பி அங்கேதானே நிக்கிறான்!

"ஐயோ, டைப் பண்ணி வச்சேன் சார். அனுப்ப மறந்துட்டேன். என் தப்புதான்."

அவர் நம்பவில்லை, குரலிலேயே தெரிந்தது. "மறந்துட்டீங்கன்னே எழுதிக்கிறேன். இன்னிக்காவது அனுப்புங்கம்மா."

கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை, தாமதத்துக்கு வருத்தம் சேர்த்து அனுப்பினேன். யாரையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 11

டாங்கிகள் திரும்பிவிட்டன. விமானங்களும். ஒரு குமாஸ்தாவின் மறதி என்றால் இரண்டு பக்கமும் மானம் போகாமல் வீட்டுக்குப் போகலாம் போலிருக்கிறது. செய்தியில், கூட்டணிக்குக் கிடைத்த வெற்றி என்றார்கள். இருக்கட்டும்.

ஏப்ரல் 15

மெமோ வந்தது. கடமையில் அலட்சியம், ஒரு வருஷ இன்கிரிமென்ட் கட். கொடுக்கும்போது இயக்குநர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சும்மா ரெண்டு வரி பதில் எழுதிடும்மா," என்றார்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் குறட்டை விடுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை எழுதினேன்:

'மறந்தது உண்மை. இனி ஒரு கடிதத்தையும் அனுப்ப மறக்கமாட்டேன்.'