பங்குக் கிணற்றில் இறக்கிய போத்தல்

1984 வைகாசி, ஞாயிற்றுக்கிழமை இரவு

இன்று நான் ஒரு பொய் உரைத்தேன்.

கப்பலில் பணிபுரியும் என் தம்பி, போர்த்துக்கல் நாட்டில் மலிவாக வாங்கிய வெள்ளைத் திராட்சை மதுவொன்றைத் தந்து சென்றிருந்தான். நன்கு குளிரவைத்தே அருந்த வேண்டும் என்பது அவன் கட்டளை. எம்மிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லாமையால், போத்தலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றினுள் இறக்கினேன். அக்கிணற்றில் அயல்வீட்டுப் பூமணி மச்சாளுக்கும் பாதி உரிமை உண்டென்பதை எவ்வாறு மறந்தேனோ!

பின்னேரம் அவர் குரல் கேட்டது. "மச்சாள், கிணத்துக்கை போத்தல் காய்ச்சுத் தொங்குது, வந்து பாருங்கோ!"

மாதர் சங்கத்தில் ஒழுக்கம் குறித்து உரையாற்றுபவள் நான். "அது பழரசம்," என்றேன்.

"கிணறு பங்கெண்டால் உதுவும் பங்குதானே," என்று குசினியில் வந்து அடுப்பருகே அமர்ந்துவிட்டார்.

இரு கிளாசுகளில் வார்த்தேன். இளம் மாங்காயை ஒத்த தூய புளிப்பு; தொண்டையில் இறங்கியதும் பகல் முழுவதும் வாட்டிய வெக்கை அகன்றது. இத்துணை இன்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மறுபடியும் வார்த்தேன்.

மச்சாளின் முகம் சிவந்ததைக் கண்டு மனம் உறுத்தவே, உண்மையைக் கூற முற்பட்டேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"சும்மா இருங்கோ மச்சாள். நீங்கள் பழரசமெண்டு சொன்னபடியால்தானே நான் குடிச்சனான். இப்ப மாத்திச் சொன்னால், நாளைக்கு நான் எப்பிடிக் கோயிலுக்குப் போறது?"

போத்தலில் நான்கு விரல் அளவு எஞ்சியுள்ளது. நாளை அவர் கோயிலால் வந்தபின் அதையும் பகிர்வதென உடன்பட்டுள்ளோம்.