மார்கழிக் கடலுக்கு வழி

உடப்பு
17.12.2024

என் மபாஸா,

சுகமா? கனமூலையில் மழை விட்டதா? போன் எடுத்தால் சண்டை பிடித்துவிடுவேன் என்ற பயத்தில் எழுதுகிறேன்.

நேற்று மார்கழி பிறந்தது. கடலில் முழுகி, ஈரச்சேலையோடு அம்மன் கோயிலுக்குப் போக நாங்கள் பெண்கள் விடியுமுன் கிளம்பினோம். எப்போதும் போகும் ஒழுங்கையில் முள்ளுக்கம்பி! உன் தம்பி நஜாத் தன் புதுக் கபானா விடுதிக்காக அடித்திருக்கிறான். "வெளிநாட்டு ஆக்கள் தங்குற இடம், இதால போக ஏலாது" என்கிறார் காவற்காரர். கிணற்றடியில் வாளியால் ஊற்றிக்கொண்டு திரும்பினோம். கூட வந்த பூமணி என்னைப் பார்த்து, "உன்ர கூட்டாளிட தம்பிதானே? நல்ல கூட்டாளி!" என்றாள்.

பயிற்சிக் கல்லூரியில் ஒரே கோப்பையில் சோறு தின்றவர்கள் நாம். அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா?

மனம் நொந்து,
வில்வமதி


கனமூலை
26.12.2024

அன்பு மதி,

பதில் சுணங்கியதற்குக் கோபிக்காதே. காரியம் முடியாமல் எழுத மனம் வரவில்லை.

கடிதம் கிடைத்ததும் நஜாத்திடம் போனேன். "ராத்தா, அது என்ட காணி" என்றான்.

"காணி உன்ட. கடல் ஆர்ட? சுபஹு தொழ நீ ஒளு எடுக்கிற தண்ணிக்கு முன்னால ஒருத்தன் கம்பி அடிச்சா சும்மா இருப்பியா?"

எழும்பிப் போய்விட்டான். வாப்பா மௌத்தான பிறகு அவனை வளர்த்தவள் நான். அன்று அவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். ஒரு கிழமை எங்களுக்குள் கதை இல்லை.

நேற்று அவனே வந்து கதவைத் தட்டினான். "கம்பியக் கழட்டிட்டன். இப்பவாவது ஒரு தேத்தண்ணி தாங்க ராத்தா."

அழுதுகொண்டே ஊற்றிக் கொடுத்தேன். போங்கள், ஆசைதீர முழுகுங்கள்.

உன் மபாஸா


உடப்பு
29.12.2024

என் கண்ணே மபாஸா,

தலை இன்னும் காயவில்லை, அதற்குள் எழுதுகிறேன்.

இன்று ஊர்ப் பெண்கள் ஒருத்தி மிச்சமில்லாமல் வந்தார்கள். ஒழுங்கை முனையில் உன் தம்பி நின்றான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையிலிருந்த டோர்ச்சைப் பின்னால் நீட்டி வழிக்கு வெளிச்சம் பிடித்தான். "பள்ளம் இருக்கு அக்கா, பாத்துப் போங்க" என்றான். பூமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கரையில் என் கையைப் பிடித்து, "நீ முதல்ல இறங்கு மதி" என்றாள்.

இறங்கினேன். எனக்குப் பின்னால் எல்லோரும் பாடிக்கொண்டே வந்தார்கள். கடல் குளம்போலக் கிடந்தது. முதல் முழுக்கு அம்மனுக்கு. இரண்டாவதை உனக்காக முழுகினேன், கோபிக்காதே. நீ தொழும்போது எனக்காகக் கேட்கிறாய்தானே?

வாய் நிறைய உப்போடும் சிரிப்போடும்,
உன் வில்வமதி