புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்வது

அன்புள்ள அம்மாவுக்கு வானதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? குறுவை அறுப்பு முடிந்ததா?

ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். வாய்க்கால் பாசனம் பற்றிய என் முதல் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பள்ளியில் புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால்தான் முழு மதிப்பெண். பல்கலைக்கழகத்தில் அது காப்பியடிப்பதாம். திங்களுக்குள் மறுபடி எழுதாவிட்டால் மதிப்பெண்ணே கிடையாது.

நூலகத்தில் கட்டுரை எழுத உதவும் ஷைலஜா மேடம் புத்தகத்தை மூடிவிட்டு, "உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லும்மா" என்றார்.

"அவங்க குறுக்க குறுக்க கேள்வி கேப்பாங்க மேடம்."

"அதுதான் வேணும்!"

அறைக்கு வந்து சுவரிடம் சொல்லிப் பார்த்தேன். அது எதுவும் கேட்கவில்லை. இருப்புக்கொள்ளவில்லை, அம்மா. ஞாயிறு சாயங்காலம் அப்பாவின் போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கச் சொல்கிறேன். புரிந்தாலும் புரியவில்லை என்று கேளுங்கள்.

மெஸ் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

வானதி