சபைக்கு நடுவில் ஒரு பந்து

லா சப்பல், பாரிஸ்
14.10.2013

என் அன்பு அக்காவுக்கு,

இதை அடுப்படி வேலை எல்லாம் முடித்துவிட்டு, ஆறுதலாக இருந்து வாசியுங்கள். ரெலிபோனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் "நில்லடி, நில்லு" என்று மறித்துவிடுவீர்கள். கடிதத்தை மறிக்க முடியாது. அத்தானுக்குச் சீனி வருத்தம் குறைந்திருக்கிறதா? இனிப்பை ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிறார் என்று கேள்வி. நான் சொன்னதாகச் சொல்லிப் பேசுங்கள்.

முதலில் கலியாணக் கதை. சுஜாந்திக்கும் உதயனுக்கும் வருகிற வைகாசியில் நாள் வைத்துவிட்டோம். உதயன் வீட்டார் பாரிசுக்கு வெளியே சார்செலில் இருந்து வந்து பேசி, மண்டபமும் எடுத்தாயிற்று. நல்ல சனம். முன்பே பேசிக்கொண்டபடி நீங்களும் அத்தானும் வந்து, மணவறையில் நின்று, பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். சுஜாந்தியின் அப்பா கண்ணை மூடி நாலு வருடமாகிறது. நான் பின்னுக்கு ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொள்வேன். விசா அலுவலை இப்போதே தொடங்கினால் நல்லது.

இனி மற்றக் கதை. நேற்று நான் பந்தடி பார்க்கப் போனேன்.

பெண்களின் கூடைப்பந்து. சம்பளம் வாங்கி விளையாடுகிற பெண்கள், அதுவே தொழில். இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள் உங்கள் பெறாமகள் சுஜாந்தி. கடைசி நேரத்தில் உதயனுக்கு வேலை வந்துவிட்டது.

"அம்மா, நீங்கள் வாங்கோ."

"நான் அங்கை வந்து என்ன செய்யிறது?"

"கதிரையிலை இருக்கிறது."

இப்படித்தான் போனேன். மெத்ரோ மாறி மாறி நகரத்தின் மற்ற அந்தத்துக்குப் போக வேண்டும். உள்ளே கால் வைத்ததும் காது அடைத்துவிட்டது. எங்கேயோ ஒரு சின்ன ஊரில் இருந்து பஸ் பிடித்து வந்த சனம், பச்சைச் சட்டையும் பச்சைத் தொப்பியுமாக மேளம் அடித்துக்கொண்டு நின்றது. பல்லுக் கட்டின கிழவர்கள் எல்லாம் கதிரையில் ஏறி நின்று கத்துகிறார்கள். பெண் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க இவ்வளவு சனமா என்று நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். பச்சை அணிதான் எனக்குப் பிடித்தது. அவர்கள் ஆட்கள் கொஞ்சம் கட்டை.

அக்கா, எனக்குத் தெரிந்தது எங்கள் பள்ளிக்கூடத்து வலைப்பந்துதானே. அதில் பந்தைப் பிடித்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இவர்களோ பந்தைத் தட்டிக்கொண்டு இந்த அந்தத்தில் இருந்து அந்த அந்தம்வரை ஓடுகிறார்கள்! நான் எழும்பி "ஸ்டெப்! ஸ்டெப்!" என்று கத்தினேன். நடுவர் பேசாமல் நிற்கிறார். எனக்கு வந்த கோபம்! பிறகுதான் சுஜாந்தி கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இதிலை ஓடலாம்" என்றாள். ஓடலாமாம்! பதினாறு வயதில் யாராவது எனக்கு அதைச் சொல்லியிருந்தால் நான் எங்கே ஓடியிருப்பேனோ தெரியாது.

பச்சை அணியில் பதினோராம் இலக்கக்காரி ஒருத்தி. எறிந்ததெல்லாம் பிழைத்தது. ஒருமுறை இடிபட்டுத் தடால் என்று விழுந்தாள். அடுத்த நிமிடம் மற்ற நாலு பேரும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். விழுந்தவளை விழுந்த இடத்தில் விட்டுவிட்டு யாரும் விளையாட்டைத் தொடரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனித்தான் விஷயம். இடைவேளையில், பார்க்க வந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பந்து எறிய வைப்பார்களாம். கதிரை இலக்கத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். என்னுடைய இலக்கம்! நான் கதிரைக்குள் ஒளிக்கப் பார்த்தேன். சுஜாந்தி விடவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

விளிம்புவரை போனேன். மரத்தளம் எண்ணெய் பூசினமாதிரி மினுங்கியது. அதில் சப்பாத்தோடு எப்படி ஏறுவது? குனிந்து சப்பாத்தைக் கழற்றி, ஓரமாகச் சோடியாக வைத்துவிட்டு ஏறினேன். அவ்வளவுதான், அரங்கம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். நான் என்ன பிழை விட்டேன் என்று முழிக்கிறேன், அந்தப் பச்சைத் தொப்பிச் சனம் தங்கள் சப்பாத்துகளையும் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டுகிறது! நான் பகிடிக்குச் செய்தேன் என்று நினைத்துவிட்டார்கள்.

முதல் எறி வளையத்தில்கூடப் படவில்லை. அறிவிப்பாளர் சனத்தைப் பார்த்து என்னவோ கேட்டார், சனம் சம்மதம் என்று கத்தியது. இன்னொரு தரம் பந்தைத் தந்தார்கள். அப்போதுதான் யோசித்தேன். வளையம் எங்கள் வளையத்தின் உயரம்தான், அகலம் இன்னும் கூட. பின்னால் நிற்கிற பலகைதான் எட்டிப் பார்க்கிற அயலட்டைச் சனம்போல் என்னைக் குழப்பியது. பலகையை மறந்தேன். தலைக்கு மேலே பந்தைத் தூக்கி, முழங்காலை மடித்து, குதிக்காலை எழுப்பி, பள்ளிக்கூடத்தில் எறிந்தபடி எறிந்தேன்.

விழுந்தது, அக்கா! ஒன்றிலும் முட்டாமல் நேரே உள்ளே!

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. பதினோராம் இலக்கக்காரி ஓடி வந்து என் உள்ளங்கையில் அடித்தாள். பிறகு அவளும் எறியத் தொடங்கினாள், விழவும் தொடங்கியது. கடைசியில் பச்சை அணிதான் வென்றது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்று கடை முதலாளி சூசைநாதன் அண்ணை, "ஜெகதீஸ்வரி, இனியும் கடைக்கு வருவியளோ, இல்லாட்டி ஒலிம்பிக்குக்குத்தான் போவியளோ?" என்று கேட்டார். பதில் சொல்லக் குரல் இல்லை.

சந்தோஷத்தில் எழுதிக்கொண்டே போய்விட்டேன். விசா அலுவலை மறக்காதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜெகதீஸ்வரி

~

கொக்குவில்
02.11.2013

அன்புள்ள ஜெகதீஸ்வரி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னமே உன் பந்தடி வந்து சேர்ந்துவிட்டது. யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைப் பக்கத்து வீட்டுக்காரி போனில் கொண்டுவந்து, "அக்கா, இது உங்கடை தங்கச்சியெல்லோ?" என்று நீட்டினாள். வெறுங்காலோடு, தலைமயிர் குலைந்து, ஆயிரம் பேருக்கு நடுவில் நீ துள்ளுகிறாய். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

உனக்கு நான் கெட்டதை நினைப்பேனா? உன் மனுஷன் தவரத்தினம் போன அன்று, பக்கத்தில் ஒரு பெரியவர்கூட இல்லாமல் நீ அந்தத் தேசத்தில் அழுதுகொண்டு இருந்தபோது, செய்ய வேண்டியதை ரெலிபோனில் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தவள் நான். அதையெல்லாம் முறையாகச் செய்தாய். நாலு வருடம் யாரும் ஒரு சொல் சொல்லாதபடி இருந்தாய். இப்போது கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டு இந்தக் கூத்து ஏன்?

உதயன் வீட்டார் இதைப் பார்த்தார்களோ தெரியாது. பார்த்திருந்தால் பகிடியாகச் சொல்லிச் சமாளி. கலியாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பு நேரம் முன்னுக்கு வராதே. ஆலாத்தி எடுக்க வேறு யாரையும் பார். தாலி கட்டும் நேரம் மணவறைப் பக்கம் நிற்காதே. நானும் அத்தானும் வந்து எல்லாம் ஒப்பேற்றுவோம். கண்டிப்புக்காகச் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன். பிள்ளைக்கு ஏதும் வந்துவிட்டால் நாளைக்கு ஊர் உன்னைத்தான் சொல்லும்.

அத்தான் சுகம். இனிப்பைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
திலகம்

~

லா சப்பல், பாரிஸ்
20.11.2013

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதினால் கோபத்தில் எழுதிவிடுவேன் என்று பயம். இப்போது கோபம் இல்லை.

அன்றைக்கு அந்த அரங்கத்தில் என் பெயரைக் கேட்டு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அறிவிப்பாளருக்கு அது வாயில் நுழையவே இல்லை, நாலு துண்டாக உடைத்துத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார். இந்த நாலு வருடத்தில் எந்தச் சபையிலாவது யாராவது என் பெயரைச் சொல்லி "முன்னுக்கு வா" என்று கூப்பிட்டார்களா, அக்கா? எத்தனை கலியாண வீட்டில் மரக்கறி வெட்டிக் கொடுத்திருக்கிறேன், எத்தனை பிள்ளைகளுக்குத் தலை பின்னி அனுப்பியிருக்கிறேன். தாலி கட்டும் நேரம் வந்தால் நானே எழும்பிப் பின்னுக்குப் போய்விடுவேன். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் இருக்கச் சொல்லவும் இல்லை.

இந்தப் பிள்ளையைக் காய்ச்சலில் மடியில் வைத்திருந்தவள் நான். அவர் போன பிறகு, விடிய எழும்பிக் கடை திறந்து இவளைப் படிப்பித்தவள் நான். அவளைப் பிடித்துக் கொடுக்கிற கை என் கையாக இருந்தால் அவளுக்கு என்ன கெடுதி வந்துவிடும்? தாயின் கையில் அப்படி என்ன நஞ்சு இருக்கிறது?

பஜோல் தெருப் பிள்ளையார் கோயில் ஐயரிடமும் கேட்டேன். "எனக்கொரு பிரச்சினையும் இல்லை அம்மா, உங்கடை ஆக்களைக் கேளுங்கோ" என்றார். உதயனின் தாயிடம் கேட்டேன். "உங்கடை பக்கத்துப் பெரியாக்கள் ஓமெண்டால் எங்களுக்கும் ஓம்" என்றார். ஆக, எல்லோரும் சுற்றி வந்து உங்களைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு இருக்கிற பெரியாள் நீங்கள் ஒருவர்தான்.

சுஜாந்தியை நானே தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறேன். முடிவெடுத்துவிட்டேன். உங்களிடம் உத்தரவு கேட்கவில்லை, நீங்கள் வந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறேன். நீங்கள் வராவிட்டாலும் நான் மணவறையில்தான் நிற்பேன். ஆனால் நீங்கள் வராத கலியாணம் எனக்குப் பாதிக் கலியாணம்.

உங்கள் தங்கை,
ஜெகதீஸ்வரி

பி.கு: அதற்குப் பிறகு இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டேன். ஒளித்து மறைக்க மனமில்லை. பதினோராம் இலக்கக்காரிக்கு இப்போது என் முகம் தெரியும், கை காட்டுகிறாள்.

~

லா சப்பல், பாரிஸ்
16.01.2014

அன்பு அக்காவுக்கு,

பொங்கலுக்கு ரெலிபோன் எடுத்தேன், அத்தான்தான் பேசினார். நீங்கள் குளிக்கிறீர்கள் என்றார். பின்னேரமும் எடுத்தேன், அப்போதும் குளிக்கிறீர்களாம். ஒரு நாளில் இவ்வளவு குளித்தால் தடிமன் பிடிக்கும்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள், அக்கா. அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. மணமகளைக் கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டேன். அதற்கு மேலே பெரியவர்கள் என்று உங்கள் இருவருடைய பெயரையும் போட்டிருக்கிறேன். எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன். உங்கள் பெயரைத்தான் எடுப்பேன், என்னுடையதை எடுக்க மாட்டேன்.

ஜெகதீஸ்வரி

~

கொக்குவில்
11.02.2014

என் தங்கச்சி ஜெகதீஸ்வரிக்கு,

குளித்தது பொய். அத்தானுக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும்தானே.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் சின்னக் கோபம் இல்லை. பெயரை எடுத்துவிடு என்று எழுதக் கடதாசியும் எடுத்து வைத்தேன். அதற்குள் போன கிழமை இங்கே ஒரு கலியாணம் வந்தது. கலியாணப் பொம்பிளையின் தாய் புருஷனை இழந்தவள், உன் வயதுதான் இருக்கும். தாலி கட்டும் நேரம் பார்க்கிறேன், அந்த மனுஷி சமையல் கொட்டிலுக்குப் பக்கத்தில், சனத்தின் தோள்களுக்கு இடையால் எட்டி எட்டிப் பார்க்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. ஆட்கள் மறைக்கிறார்கள். நான் போய்க் கையைப் பிடித்து, "வாருமன், முன்னுக்கு வந்து பாரும்" என்றேன். கையை உதறிவிட்டாள். "வேண்டாம் அக்கா, பிள்ளைக்கு ஏதும் வந்திடும்" என்றாள்.

நான் உனக்கு எழுதின அதே சொல். இப்போது வேறொரு வாயில் கேட்டேன். அவள் முகம் எனக்கு உன் முகமாகவே தெரிந்தது. மேளம் கொட்டி முடிந்தது, அவள் தன் பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறினதைக் காணவே இல்லை. அன்றைக்கு என்னால் அந்த வீட்டில் சாப்பிட முடியவில்லை.

வந்ததும் பக்கத்து வீட்டுக்காரியின் போனை வாங்கி, உன் பந்தடியைத் திரும்பப் போடச் சொன்னேன். பிறகு அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சொல்கிறார், "உவள் அப்பவும் இப்பிடித்தான் எறியிறவள், குதிக்காலைத் தூக்கி." மனுஷனுக்கு ஞாபகம் இருக்கிறது பார். நான்தான் மறந்துபோனேன்.

விசாவுக்குக் கொடுத்துவிட்டோம். கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் ஒன்று. நாங்கள் தாரை வார்க்க வரவில்லை. என்னை மணவறைக்குக் கூப்பிடாதே, வரமாட்டேன். முன்வரிசையில் நடுக் கதிரை இரண்டு எங்களுக்குப் பிடித்து வை. உதயன் வீட்டாரிடம் பெரியாக்கள் ஓம் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லு. யாராவது முகத்தைச் சுளித்தால் என்னிடம் அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர்வாயை அடைக்க எனக்குத் தெரியும், இவ்வளவு காலமும் அந்த வாய்களில் ஒன்றாக இருந்தவள்தானே.

பிள்ளையின் கையைக் கொடுக்கும்போது உனக்கு அழுகை வரும். அழுதுகொண்டே கொடு. பின்னுக்கு மட்டும் போகாதே. நீ கொடுத்து முடித்ததும் நான் எழும்பி நின்று கைதட்டுவேன். கலியாண வீட்டில் கைதட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். தட்டத்தான் போகிறேன்.

உன் அக்கா,
திலகம்