சாவித் துளையில் சந்தனம்

பங்காளி,

இன்று காலை ஒரு பழைய இக்னிஷன் பூட்டைப் பிரித்ததும் சந்தன வாசம் வந்தது. உன் காருடைய பூட்டுதான். பத்து வருடத்துக்கு மேல் உன் மாட்டுக் கொட்டகையில் நின்ற வண்டியை, நீ போன பிறகு உன் மகன் கட்டி இழுத்து வந்து என் பட்டறையில் விட்டிருக்கிறான்.

அந்த ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நான்தான் ஸ்டியரிங் தண்டைக் கழற்றிப் புது புஷ் வளையம் போட்டேன். பூட்டிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கம்பியை ஆட்டமில்லாமல் மாட்டினேன். சாவித் துளையில் கிரீஸ் வைக்கப் போனபோது நீ தடுத்தாய்.

“அதுக்கு கிரீஸ் ஆகாது பங்காளி. பென்சிலச் சொரண்டித் தூளப் போடு.”

“பென்சில உன்ர பையனுக்குக் குடு, எழுதட்டும். எனக்கு ஆரும் சொல்லித் தர வேண்டாம்.”

பூஜையன்று நீ அந்தத் துளை மேலேயே சந்தனத்தை அப்பினாய். மறுநாள் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திச் சரிவில் விட்டாய். சாவி நழுவி விழுந்தது. சாவி வெளியே வந்ததால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது. கொண்டப்பநாயக்கன்பட்டிக்குச் சற்று மேலே சுவரில் மோதி, உன் மனைவியின் கை ஒடிந்தது.

“கம்பிய ஒழுங்கா மாட்டலைங்க. இவன்கிட்ட வண்டிய உடாதீங்க” என்று டீக்கடையில் நின்று சொன்னாய். யாரிடமும் போகாமல் நானே கற்ற தொழில். வருகிற வண்டிகள் குறைந்தன. தப்பு உன்னுடையது என்று நீயே வந்து சொல்லும்வரை உன் வாசலை மிதிப்பதில்லை என்றிருந்தேன். நீ வரவில்லை. நீ இறந்த அன்றும் தெருவோடு நின்றுவிட்டேன்.

இன்று பார்த்தேன். கம்பி நான் மாட்டிய இடத்தில் அப்படியே இருக்கிறது. அதைக் காட்ட நீ இல்லையே என்றுதான் முதலில் கோபம் வந்தது. சாவியைப் பிடிக்க வேண்டிய சின்னத் தகடுகள்தான் ஒட்டிக்கிடந்தன. ஊசியால் சுரண்டினேன். மேலே காய்ந்த சந்தனம். அடியில் அதை விடாமல் பிடித்துவைத்திருந்த கிரீஸ், நான் வைத்தது.

கம்பியைப் பற்றி நீ சொன்னது பொய். அதை இன்னும் மன்னிக்கவில்லை. சரிவில் எஞ்சினை நிறுத்தியதையும்தான். ஆனால் பென்சில் விஷயத்தில் உன் பேச்சு சரி. இதைச் சொல்ல உன் வாசல்வரை வந்திருக்க வேண்டும். இப்போது அசதியாக இருக்கிறது.

பெட்டிக்கடையில் ஒரு பென்சில் வாங்கி, சுரண்டி, தூளைப் பூட்டுக்குள் ஊதினேன். சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

“என்னத்தப் போட்டீங்க பெரியப்பா?” என்றான் உன் மகன்.

“உங்கப்பன் போடச் சொன்னத” என்றேன்.

மிச்சப் பென்சில் என் சட்டைப் பையில் இருக்கிறது.