ஃபட்ஜல் என்றால் ஆப்பு அல்ல

அன்பு வாலுக்கு,

அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று முகம் சுளிக்காதே. நான் அடித்தால் அம்மா எடுத்து "குளிக்கிறா" என்கிறாள், மறுபடி அடித்தால் "தூங்குறா" என்கிறாள். பத்து வயதுப் பெண் இவ்வளவு குளித்தால் தோல் உரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், புரியாத இடத்தில் அம்மாவிடம் கேள்.

சுற்றி வளைக்க எனக்கு வராது, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உங்கள் வகுப்பில் வாரம் ஒரு பிள்ளை வழக்கொழிந்த ஆங்கில வார்த்தை ஒன்றுக்கு எழுந்து நின்று அர்த்தம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த வார்த்தையை என்மேல் வீசி "சொல்லுப்பா பாக்கலாம்" என்பாய், நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஃபட்ஜல் என்றால் என்ன என்று நீ கேட்ட அன்று நான் ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் கை முழுக்க கிரீஸோடு நின்றிருந்தேன், "மெஷின் ஆடாம இருக்க அடியில செருகுற ஆப்பு, அடுத்தது கேளு" என்றேன். நீ அதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறாய். அகராதியில் பார்த்தாயா என்று டீச்சர் கேட்டதற்கு, எங்கப்பா இன்ஜினியர், அவருக்குத் தெரியும் என்றாயாம். வகுப்பே சிரித்து, இப்போது உன் பெயரே ஃபட்ஜல் ஆகிவிட்டதாம். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்தா போயிடும்?" என்று அம்மா கேட்டாள். நியாயம்தான். ஆனால் என் வேலையையும் நீ கொஞ்சம் பார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டி எப்போது திறக்கும் என்று கத்துவார்கள். தெரியாது என்றால் அழத் தொடங்கிவிடுவார்கள். "ரெண்டே நிமிஷம்" என்று அடித்துவிட்டுத்தான் எங்கே கோளாறு என்றே தேட ஆரம்பிப்போம். அந்தப் பழக்கம் உன்னிடம் பேசும்போதும் எனக்கு வந்துவிட்டது.

இன்று லீவு போட்டு நூலகத்தில் தலையணை கனத்தில் ஓர் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் பூச்சி மாதிரி இருக்கிறது, ஒரு வார்த்தையைத் தேடுவதற்குள் உயிர் போகிறது, இதற்கு ஒரு வயரிங் படமே மேல். ஃபட்ஜல் என்றால் வேலை செய்வதுபோல் பாவனை காட்டிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது. எங்கள் சூப்பர்வைசருக்கென்றே தைத்த சட்டை. என்னோடு வேலை செய்யும் வெல்டரிடம் போனில் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான், நாளையிலிருந்து அவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தால் "ஃபட்ஜல் வருது" என்றுதான் சொல்வானாம். க்ரோக் என்பதற்கு எண்ணெய் காய்ந்த கதவு போடும் சத்தம் என்றேனே, அதுவும் தப்பு. அடுத்தவர் சாப்பிடும்போது நமக்கும் ஒரு வாய் கிடைக்காதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதாம். நீ ஜாம் தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டு தாடையெல்லாம் ஒட்ட வீடியோ காலில் என்னோடு பேசுவாய், நான் போனை நேராகப் பிடி என்று அதட்டுவேன். உன்னைப் பார்க்க முடியவில்லையே என்ற பதற்றம் அது. இப்போது தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு அதன் கருப்புக் கண்ணாடியில் என் மூஞ்சியையே பார்த்துச் சாப்பிடுகிறேன்.

ஓவர்மாரோ என்பதையும் பார்த்தேன். ஓவர்டைம் மாதிரி ஏதோ என்று அளந்தேன், அது நாளை மறுநாள்தான். இவ்வளவு உபயோகமான வார்த்தையை எப்படித் தொலைத்தார்கள் என்று புரியவில்லை, நான் இங்கே எல்லாரிடமும் நாளை மறுநாள் என்று சொல்லித்தான் காலத்தை ஓட்டுகிறேன். உன்னிடமும் அதைத்தான் செய்திருக்கிறேன், வாலு. எப்போது வருவாய் என்று கேட்டபோது உன் பள்ளி லீவுக்கு முன்னால் என்றேன், அப்புறம் உன் பிறந்தநாளுக்கு என்றேன். ஆப்பு என்று சொன்ன அதே குரல். காலண்டரில் நீ போட்டுவைத்த வட்டத்தை நீயே வெள்ளை பூசி மறைத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். உள்ளதைச் சொல்கிறேன். அங்கே வருவதற்கான என் விசா பேப்பர்கள் தூதரக அலுவலகத்தில் கிடக்கின்றன. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று கேட்கிறார்கள், போய் நின்றால் காத்திருங்கள் என்கிறார்கள். நான் எப்போது வருவேன் என்று எனக்குத் தெரியாது. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆனால் வர வேண்டும் என்று இருக்கிறது. அது மட்டும் எந்தப் புத்தகத்தையும் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

நன்றாகப் படி, நன்றாக இரு, அம்மா வேலை முடிந்து களைத்து வருவாள், அவளைப் படுத்தாதே. கையுறையைப் பள்ளியில் விட்டுவிட்டு வராதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிப்பேன். கோபம் தீர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. திட்டுவதாக இருந்தாலும் நீயே எடுத்துத் திட்டு.

உன் குரல் கேட்காமல் இருக்கும்,
அப்பா